கருப்பம்மாளின் உயர்வு நவிற்சி

எழுபதுகளின் கடைசியில் நான் ஈப்போ கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். பெயர் லூயிஸ். பொய்ச்சாட்சியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தமிழை வார்த்தைக்கு வார்த்தை மலாயில் கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 'ஐயா' என்பதற்கு மலாயில் நாங்கள் 'துவான்' என்று அழைத்த மாஜிஸ்திரேட் அந்த ரகம். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு சொல் விட்டுப்போனாலும் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

அன்று கூண்டில் நின்றவள் கருப்பம்மாள், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அடுத்த வீட்டுச் சின்னையாவின் ஆடு அவளுடைய மிளகாய்ச் செடிகளை மொட்டையடித்திருந்தது. "உன் தோலை உரிச்சுச் செருப்பு தைச்சுப் போட்டுக்குவேன்!" என்று லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கக் கத்தியிருக்கிறாள். சின்னையா நேரே போய்ப் போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். கொலை மிரட்டல் வழக்கு. தண்டனை என்றால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். வாசலில் காத்திருந்த தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இவள் எங்கே போவாள்?

அவள் சொன்னதை மலாயில் சொன்னேன். துவான் எழுதிக்கொண்டு, "எத்தனை ஜோடி?" என்று கேட்டார்.

"துவான், இது உயர்வு நவிற்சி. ஒன்றை உள்ளதைவிடப் பெரிதாக்கிச் சொல்லும் அணி. எங்கள் இலக்கணத்தில் இருக்கிறது."

"சட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை, துவான்."

"அப்படியானால் இவளிடம் கத்தி உண்டா என்று கேளுங்கள்."

கேட்டேன். "கத்தி இல்லாம பால் எப்படிங்கய்யா வெட்டுறது?" என்றாள் கருப்பம்மாள். துவான் அதையும் எழுதிக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து சின்னையா சாட்சி சொல்ல வந்தார். "அவ போட்ட சத்தத்துல என் உசுரே போயிருச்சுங்கய்யா. அன்னைக்கே நான் செத்துட்டேன்!"

இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல், ஆனந்தமாக மொழிபெயர்த்தேன். துவான் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். சின்னையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"சாட்சியை எங்கே அடக்கம் செய்தார்கள்?"

அதைத் தமிழில் சொன்னதும் சின்னையா பதறிப்போனார். "ஐயோ, அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுலா!"

"அப்படியானால் செருப்பு?"

"அதுவும் பேச்சுக்குத்தான் இருக்கும்லா."

விடுதலை. ஆனால் துவானுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. இன்னும் ஆறு மாதத்துக்குக் கருப்பம்மாள் எதையும் உள்ளதற்கு மேல் சொல்லக்கூடாது, மீறினால் சிறை என்று பிணை எழுதிக் கைநாட்டு வாங்கினார். வெளியே வந்ததும், "உங்களுக்குக் கோயில் கட்டி..." என்று என்னிடம் ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "நன்றிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சில வாரம் கழித்துச் சின்னையா வேர்க்க விறுவிறுக்கக் கோர்ட்டுக்கு ஓடி வந்தார். ஆடு மறுபடியும் மேய்ந்துவிட்டதாம்.

"திட்டினாளா?"

"திட்டியிருந்தா பரவாயில்லையே! வேலி கிட்ட வந்து நின்னாங்கய்யா. 'சின்னையாண்ணே, உங்க ஆடு என் செடியத் தின்னுருச்சு. எனக்குக் கோவமா இருக்கு'ன்னு மெதுவாச் சொன்னா. உள்ள போயிட்டா. அவ்வளவுதான்."

சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"பழையபடி தோலை உரிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கய்யா. இப்படிப் பேசுறதுக்கு என்னா பேரு?"

"இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது."

சின்னையா தன் முழங்கைத் தோலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பாசார்ல ஆட்டைக் கட்டிப்போடக் கயிறு எந்தக் கடையில கிடைக்குங்கய்யா?" என்று கேட்டார்.