பத்தரைக்கு முன் ஒரு சத்தம்

டைமிங் பெல்ட் மாற்றப் போன இடத்துக்கு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனதுதான் நான் அன்று செய்த முதல் விசர்வேலை. இரண்டாவதைச் சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் பிரசாந்தி. கரவெட்டியில் வாடகைக்குக் கார் ஹயர் ஓடுகிறவள். "பொம்பிளைப் பிள்ளை ஹயர் ஓடுறதோ" என்று முகத்தைச் சுளித்த ஆட்களெல்லாம் இப்போது பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத்தான் போன் அடிக்கிறார்கள். காலையில் மூன்று ரீச்சர்மார், பின்னேரம் ரியூசன் பிள்ளைகள், இடையில் ஆஸ்பத்திரி, கோயில், கலியாண வீடு. கார் பழசு. இன்னொரு கார் வாங்குவதை இந்தக் காலத்தில் நான் கனவிலும் நினைக்க முடியாது. எஞ்சின் போனால் கார் போச்சு, கார் போனால் என் பிழைப்புப் போச்சு. அவ்வளவுதான் கதை.

அன்று வெள்ளிக்கிழமை. உடுப்பிட்டியில் கொலின்ஸ் அண்ணையின் கராஜுக்கு எட்டு மணிக்கே போய்விட்டோம். அவர் எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றி, ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்ட வரச் சொன்னார். பெல்ட்டின் உள்பக்கம் பல்லடி எல்லாம் வெடிப்பு. இரண்டு பல் கழன்றே போயிருந்தது.

"உதோடையோ தங்கச்சி இவ்வளவு நாளும் ஓடினனீ?"

"மீற்றர்படி இன்னும் இருபதினாயிரம் கிலோமீற்றர் கிடக்கு அண்ணை."

"மீற்றர்! உனக்கு வித்தவன் அதைக் குறைச்சுப்போட்டுத்தானே வித்திருப்பான். நாளைக்கோ நாளையிண்டைக்கோ றோட்டிலை அறுந்திருக்கும். அறுந்தால் என்ன நடக்கும் தெரியுமோ?"

தெரியும். மேலே ஒரு பற்சக்கரம், கீழே ஒரு பற்சக்கரம். இரண்டையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது அந்த பெல்ட். கணக்குப் பிசகினால், மேலே ஏறி வருகிற பிஸ்டன், இறங்கி நிற்கிற வால்வில் போய் அடிக்கும். வால்வு வளையும். அதற்குப் பிறகு எஞ்சினின் தலையைக் கழற்றிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பழைய எஞ்சினுக்குச் சாமான் தேடி எத்தனை மாதம் அலைய வேண்டுமோ, அது சந்நிதியான் முருகனுக்குத்தான் தெரியும்.

அப்பாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. கதிரவேலு என்றால் எங்கள் ஒழுங்கையில் பஞ்சாங்கம் என்றே அர்த்தம். கிணறு இறைக்கவும் நேரம் பார்ப்பார், தலைமயிர் வெட்டவும் நேரம் பார்ப்பார். நான் கார் வாங்கிய அன்று, "ராகுகாலத்திலை எடுக்காதை பிள்ளை" என்று படலையை மறித்து நின்றார். நான் சிரித்துவிட்டு எடுத்தேன். எட்டாம் நாள் நெல்லியடிக்குக் கிட்ட ஒரு டிப்பர் உரஞ்சி என் இடக்கை முறிந்தது. டிப்பர்க்காரன் போனில் கதைத்துக்கொண்டு வந்தான் என்று பொலிசே எழுதியது. அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

"தம்பி," என்று அவர் கொலின்ஸ் அண்ணையிடம் கேட்டார், "எஞ்சினைத் திறந்து பூட்டினால் அது புது எஞ்சின் மாதிரி. முதல் சத்தம் நல்ல நேரத்திலை கேக்க வேணும். பத்தரைக்கு ராகு துடங்குது. அதுக்கு முன்னம் ஒருக்கா ஸ்டாட் பண்ணிப் போடுவியோ?"

கொலின்ஸ் அண்ணை மெதடிஸ்ற் கோயிலில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். சிரித்தார். "எங்கடை வேதத்திலை ராகு எண்டொரு ஆள் இல்லை ஐயா. ஆனாலும் உங்களுக்காகப் பாக்கிறன். பத்துக்கே முடிஞ்சிடும்."

முடிந்திருக்கும். பழைய பெல்ட்டைக் கழற்றினார். இரண்டு சக்கரத்திலும் அடையாளக் கோடுகளை வெள்ளைப் பெயின்ரால் தொட்டுவிட்டு, அவை நேருக்கு நேர் நிற்கும்படி வைத்து, புது பெல்ட்டைப் பல்லுப் பல்லாகக் கொளுவினார். பத்தாக ஐந்து நிமிடம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்ன உருளைச் சில்லை முறுக்கும்போது அதன் போல்ட்டில் மரை வழுகிவிட்டது. அவர் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "சனியன்" என்றார்.

"நெல்லியடியிலை இருக்கும். போட்டு வாறன், அரை மணித்தியாலம். தங்கச்சி, கேள். பெல்ட் இப்ப சும்மா தொங்குது, இறுக்கேல்லை. நான் வந்து இறுக்கி, ஸ்பானராலை கையாலை ரெண்டு சுத்துச் சுத்தி, கோடு திரும்ப நேருக்கு வருதோ எண்டு பாத்த பிறகுதான் ஸ்டாட். அதுமட்டும் கார்த் திறப்பிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை. நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

அவர் மோட்டார் சைக்கிளில் போனார். நானும் அப்பாவும் சுவர் மணிக்கூடும்தான் மிச்சம்.

பத்து மணி பத்துக்கு அப்பா கதிரையை விட்டு எழும்பினார். பத்து பதினைந்துக்கு றோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பத்து இருபதுக்கு என் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, தம்பி வரமாட்டான். நீ ஒருக்காத் திருப்பு."

"அவர் சொன்னது கேக்கேல்லையோ உங்களுக்கு?"

"ஓடச் சொல்லேல்லை. ஒரு சத்தம். கோயில் மணி ஒருக்கா அடிக்கிற மாதிரி. நேரம் எழுதுப்பட்டால் போதும். பிறகு அவன் எப்ப எண்டாலும் ஓட்டட்டும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அப்பா."

"போன முறையும் இப்பிடித்தான் சிரிச்சனீ. ஆஸ்பத்திரியிலை உன்ரை கை தொங்கிக்கொண்டு கிடந்ததை நான் பாத்தனான். நீ பாக்கேல்லை, நீ மயக்கம். கொம்மா இல்லாத வீட்டிலை நான் தனிய இருந்து..."

அழத் தொடங்கிவிட்டார். எழுபத்து மூன்று வயது மனிதன், கராஜ் வாசலில், எண்ணெய்ப் பீப்பாவைப் பிடித்துக்கொண்டு. எனக்கு இரக்கம் வந்ததென்று நினைக்காதீர்கள். கோபம்தான் வந்தது. இருபது வருசமாக நான் வெளிக்கிடுகிற ஒவ்வொரு காலையும் இந்த மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுகிறேன். இதோடு இந்த வாய் மூடட்டும் என்று நினைத்தேன். ஒரு நொடிதானே, அரைச் சுற்றுக் கூட வராதே என்று எனக்கு நானே ஒரு சட்டமும் எழுதிக்கொண்டேன். கதவைத் திறந்து, கியரை நடுவில் விட்டு, திறப்பைத் திருப்பினேன்.

கிர்ர் என்றது. பிறகு உள்ளுக்குள்ளே எங்கேயோ, டக்.

பெரிய சத்தம் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற அளவுதான். திறப்பை விட்டுவிட்டேன்.

"சந்நிதியானே!" அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "பத்து இருபத்தாறு. அருமையான நேரம்."

நான் இறங்கி முன்னுக்கு ஓடினேன். மேல் சக்கரத்தின் வெள்ளைக் கோடு முதலில் எங்கே நின்றது? இங்கேயா, கொஞ்சம் அங்காலையா? எனக்குத் தெரியவில்லை. கையால் சக்கரத்தைத் தள்ளிப் பார்க்கலாமா என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு பிழையைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

கொலின்ஸ் அண்ணை வந்ததும் சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் என் கை தானாகப் போய்க் கார்க் கதவைச் சாத்தியது.

"கடை பூட்டிக் கிடந்துது, வேறை கடைக்குப் போனனான்," என்று சொல்லிக்கொண்டே வந்து, புது போல்ட்டைப் பூட்டக் குனிந்தார். பூட்டவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ரோர்ச்சை எடுத்து மேலே அடித்தார், கீழே அடித்தார்.

"மூண்டு பல்லுத் தள்ளி நிக்குது."

நான் சாத்தியிருந்த கார்க் கதவைப் பார்த்தேன்.

"நான் நேரா வைச்சனான். வைச்சனான்தானே?" அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தன் கையைப் பார்த்துத்தான் கேட்டார்.

தை மாதம் அவருக்கு இரண்டு கண்ணிலும் ஒப்பரேசன் நடந்தது. அதற்குப் பிறகு, "கொலின்ஸுக்குப் பார்வை சரியில்லையாம், எஞ்சின் வேலை குடுக்காதேங்கோ" என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். அந்தக் கதையை நம்பாமல் வந்த ஒருசிலரில் நானும் ஒருத்தி. அவர் பீப்பாவின் மேல் மெல்ல இருந்தார்.

"அவங்கள் சொன்னது சரிதான் போலை."

"அண்ணை, அப்பிடியில்லை..." என்றேன். சொன்னால் என்ன ஆகும்? இப்போது இது அவர் பிழை. எஞ்சின் பழுதாகியிருந்தால் அவர் திருத்தித் தருவார், தலையை அடகு வைத்தாவது தருவார், அப்படிப்பட்ட மனிதர். சொன்னால் அது என் பிழை. சீ, என்ன பிறவி நான்! அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

அவர் போனை எடுத்து யாருக்கோ அடித்தார். "வினிபிரட் ரீச்சரோ? நான் கொலின்ஸ். திங்கக்கிழமை உங்கடை வானுக்கு பெல்ட் மாத்திறதெண்டு சொன்னனான். வேண்டாம் ரீச்சர், வேறை ஆளைப் பாருங்கோ. இல்லையில்லை, சுகமாத்தான் இருக்கிறன். எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை. இண்டைக்கு ஒரு பிள்ளையின்ரை காரிலை பிழை விட்டிட்டன். இனி உந்த வேலை..."

அப்பா என்னைப் பார்த்தார். பஞ்சாங்கம் பார்க்கிற பார்வை இல்லை அது. நான் போய் அந்தப் போனைப் பறித்தேன்.

"ரீச்சர், நான் கரவெட்டிப் பிரசாந்தி. பிழை அவர் விடேல்லை. அவர் இல்லாத நேரம் நான்தான் திறப்பைத் திருப்பினனான். திங்கக்கிழமை நீங்கள் வானைக் கொண்டு வாங்கோ." வைத்துவிட்டேன். போனை அவரிடம் நீட்டினேன்.

"தம்பி, நான்தான் திருப்பச் சொன்னனான்," என்றார் அப்பா.

"திருப்பினது நான்," என்றேன்.

கொலின்ஸ் அண்ணை எழும்பினார். அவர் கத்துவதை நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன். "எத்தினை தரம் சொன்னனான்? சொன்னனானோ இல்லையோ? அங்காலை நிண்டு நான் என்ரை கண்ணைத் திட்டிக்கொண்டு நிக்க, நீ பாத்துக்கொண்டு நிண்டனீ! அதுதானடி எனக்குப் பொறுக்கேல்லை!" பிறகு ஸ்பானரால் பீப்பாவில் ஓங்கி அடித்தார். அப்பா ஒரு அடி பின்னுக்குப் போனார். பெல்ட்டைக் கழற்றி, கோடுகளை மறுபடி நேருக்கு நேர் வைத்துக் கொளுவி, சில்லை இறுக்கினார். அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"வா இஞ்சை," என்றார். கீழ்ச் சக்கரத்தின் நடு நட்டில் நீளக்கைப்பிடி ஸ்பானரை மாட்டி என் கையில் தந்தார். "ரெண்டு சுத்து, மெதுவாத் திருப்பு. ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் ஒருக்கா இறுகும், உள்ளுக்கை காத்து அமத்துப்பட்டு எதிர்க்கும். நாலு சிலிண்டர், நாலு இறுக்கம். வால்வு வளைஞ்ச சிலிண்டர் இறுகாது. எண்ணிக்கொண்டு சுத்து."

நான் இரண்டு கையாலும் பிடித்தேன். திருப்பினேன். கைப்பிடி கனத்தது, இன்னும் கனத்தது, தோள் வலித்தது, பிறகு விட்டது. ஒன்று. மேலும் திருப்பினேன். மறுபடி கனம். இரண்டு. எனக்கு மூச்சு வந்தது. சந்நிதியானே, இன்னும் இரண்டு. திருப்பினேன். இப்போது கனக்க வேண்டும். இப்போது. ஸ்பானர் என் கையோடு லேசாக வந்தது. எஞ்சினுக்குள் உஸ் என்று ஒரு மூச்சுக் கேட்டது. கைப்பிடி கீழே போயே விட்டது.

அடுத்தது இறுகியது.

கொலின்ஸ் அண்ணை நிமிர்ந்தார். ரோர்ச்சை அணைத்தார்.

"என்ன பிள்ளை, எல்லாம் சரியோ?" அப்பா பின்னாலிருந்து கேட்டார்.

"மூண்டு, அப்பா," என்றேன்.

மூன்று என்றால் நல்லதா கெட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை. என் முகத்தையும் கொலின்ஸ் அண்ணையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எண்ணியதில் பிழை இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து திருப்பத் தொடங்கினேன்.