சார் திரும்பினால்தான் பாடம்

எங்கள் மாலைக் கல்லூரி வகுப்பில் சத்தம் போடுகிற பையன்கள் மூன்று பேர். ஒருவன் ரேடியோ. வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். இன்னொருவன் கொட்டாவி. விடிகாலையில் செய்தித்தாள் கட்டுகளை வண்டியில் ஏற்றிவிட்டு, பகலெல்லாம் வேறொரு கடையில் நின்றுவிட்டு வருகிறவன். அவன் கொட்டாவி விட்டால் பக்கத்து வகுப்பிலும் நாலு பேர் விடுவார்கள் என்று கேள்வி. மூன்றாமவன் ரிங்டோன். செல்போனை அணைக்கத் தெரியாதவனா, அணைக்க மனமில்லாதவனா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த மூன்று பேர் மட்டும் இல்லையென்றால் முதல் மாதமே மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் வீட்டோடு இருந்திருப்பேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன்.

நான் துணி மில்லில் தறி ஓட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்பே ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்தவள், இப்போது என் மகள் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். தறிகள் வரிசையாக ஓடும்போது உள்ளே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் ஷெட்டில் நாங்கள் கத்துவதே இல்லை. உதட்டை நன்றாக அசைத்து, சத்தமே இல்லாமல் பேசுவோம். நாலு தறி தள்ளி நிற்பவள் வீட்டில் நேற்று என்ன சண்டை என்பது வரை எங்களுக்குத் தெரியும். இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், காது போவதே தெரியாது. உதட்டைப் பார்த்தே காலம் தள்ளிவிட்டதால், என் காது முக்கால்வாசி போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வீட்டில் இருவருக்கும் தெரியும். மகள் என் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். என் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஆசை ஆசையாக வளர்த்த மீசை அவருடைய மேலுதட்டை மறைக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். மறுநாள் காலை மழுமழுவென்று வந்து நின்றார். "இப்பத் தெரியுதா பாரு. தெரியலன்னா சொல்லு, அடுத்தது பல்லைத்தான் எடுக்கணும்" என்றார். வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னது இது: ஷெட்டில் இன்னும் இருந்தால் மிச்சமும் போகும், வெளியே வந்துவிட்டால் இருப்பது தங்கும். இருப்பது என்று நான் கணக்கில் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். என் மகள் காதருகே வந்து பேசினால் அவள் குரல் இன்னும் கேட்கிறது. அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. மில்லில் துணியைச் சோதிக்கும் லேப் ஒன்று இருக்கிறது, ஊசி விழுந்தால் கேட்கும் இடம். "மாலைக் கல்லூரியில சேந்து இந்த வருஷம் பாஸ் பண்ணிடும்மா, அங்க ஒரு இடம் இருக்கு" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். காது விஷயம் தெரிந்தால் அந்த இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

மற்ற பாடங்களில் பிரச்சினை இல்லை. புள்ளியியல் சார்தான் சோதனையாக வந்து வாய்த்தார். நல்ல மனிதர், சின்ன வயசு, அறிவுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் வகுப்புக்குள் நுழைந்தால் நேரே போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எழுதிக்கொண்டே போர்டிடம் பேசுவார். மணி அடித்ததும் போர்டிடமே விடைபெற்றுப் போவார். பிள்ளைகள் அவருக்கு முதுகு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகில் உதடு இல்லையே, நான் என்ன செய்வேன்?

அங்கேதான் என் மூன்று தெய்வங்கள் உதவிக்கு வந்தார்கள். ரேடியோ ஏதாவது உளறுவான், பின்பெஞ்சு சிரிக்கும், சார் சட்டென்று திரும்புவார். "யாரது?" என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். "எங்க விட்டேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கடைசியாகச் சொன்ன விஷயத்தை முழுசாக மறுபடி சொல்வார், எங்களைப் பார்த்து. அதைத்தான் நான் மடமடவென்று எழுதிக்கொள்வேன். கொட்டாவி ஒரு தடவை, ரிங்டோன் ஒரு தடவை, ரேடியோ கணக்கில்லாத தடவை. ஒரு மணி நேரத்தில் முக்கால் பாடம் என் கைக்கு வந்துவிடும். என்னைப் போல் அந்தப் பையன்களின் சத்தத்துக்கு ஏங்கியவள் அந்தக் கல்லூரியில் இருந்திருக்க மாட்டாள்.

கெடுத்தவள் லீடர். வகுப்புத் தலைவி, எங்கள் மில் ஆபீசில் வேலை பார்க்கும் பெண். தங்கமான பிள்ளை, அதுதான் வம்பே. உதட்டைப் படிக்க வேண்டுமென்றால் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும், நெற்றி சுருங்கும். ரேடியோ என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறான் என்று நான் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பேன். ஷெட்டுக்குள் வந்திருந்தால் அவளுக்கு அந்தப் பார்வை புரிந்திருக்கும், அங்கே எல்லோருக்கும் அதே முகம்தான். ஆபீஸ்காரர்கள் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் கொதித்துப்போய் முறைக்கிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஒருநாள் மாலை வகுப்புக்குள் போனால் பின்பெஞ்சு காலி. லீடர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இனிமே நிம்மதியா படிங்க. துறைத் தலைவர்கிட்ட பேசிட்டேன். நாள் பூரா தறியில நின்னுட்டு வர்ற அக்காவுக்கு இவங்களால பாடமே கேக்கலன்னு சொன்னேன். பரீட்சை வரைக்கும் மூணு பேரும் இந்த வகுப்புக்கு வரக்கூடாதுன்னுட்டாரு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்வது?

அன்று வகுப்பு அப்படியொரு அமைதியாக இருந்ததாம். சார் உற்சாகமாகிவிட்டார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவர் சட்டையின் பின்பக்கத் தையல் எனக்கு மனப்பாடமானதுதான் மிச்சம். அந்த வாரம் முழுக்க அதே கதை. போர்டில் இருந்ததைக் காப்பி அடித்தேன். எண்கள் இருந்தன, ஏன் எதற்கு என்பது இல்லை. வாரக் கடைசியில் வைத்த சின்னத் தேர்வில் வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றுகொண்டு, யார் மேல் கோபம் என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

வீட்டுக்காரர் என்னைத் திருப்பி நிறுத்தினார். "சார்கிட்ட சொல்லிடேன்."

"லீடர் அங்க உக்காந்திருக்கா. இன்னைக்கு வகுப்புல சொன்னா நாளைக்கு மில்லுக்கே தெரியும்."

"தெரியட்டுமே."

"லேப் போயிட்டா?"

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற மனிதர் இல்லை அவர். என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கல்லூரி வாசலில் ரேடியோ எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ பேசினான். ஒன்றும் புரியவில்லை. பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுப்பா."

"மன்னிச்சிடுங்கக்கா. எங்களால உங்களுக்குப் பாடம் கேக்கலன்னு எங்களுக்குத் தெரியாது. எங்கம்மாவும் உங்கள மாதிரிதான், வேலைக்குப் போயிட்டு..." அவன் கண் கலங்கிவிட்டது.

இந்தக் குழந்தை என்னிடம் மன்னிப்புக் கேட்பதா? எனக்கு அடக்க முடியவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காது, ஷெட்டு, முதுகு, அவன் சத்தம், எல்லாம். அவன் வாய் பிளந்து கேட்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப நாங்க இத்தனை நாளா சேவை பண்ணிட்டு இருந்தோமாக்கா?"

"ஆமாம்பா. சம்பளம் இல்லாத சேவை."

"இதப் போய்த் துறைத் தலைவர்கிட்ட சொன்னா நம்புவாராக்கா?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். "நாங்க உள்ள வந்தாலும் வராட்டியும் பரவால்லக்கா. நீங்க சார்கிட்ட சொல்லிடுங்க. எத்தனை நாளைக்கு எங்க வாயை நம்பி படிப்பீங்க?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். லீடர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சார் வந்தார், போர்டுக்குத் திரும்பினார், எழுத ஆரம்பித்தார். மகளின் குரலை நினைத்துக்கொண்டேன். லேப் போனால் அந்தக் குரலும் போகும். சொல்லாவிட்டால் பாஸ் போகும், பாஸ் போனால் லேப்பும் போகும், அப்போதும் அந்தக் குரல் போகும். எப்படிப் பார்த்தாலும் ஊமையாக உட்கார்ந்திருப்பதில் லாபமில்லை என்று தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். எல்லாத் தலைகளும் திரும்பின. சொன்னேன். குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது, அநேகமாகக் கத்தியிருப்பேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்த்தால்தான் பாடம், அந்தப் பையன்கள் சத்தம் போட்டால் நீங்கள் திரும்புவீர்கள், அதை வைத்துத்தான் இதுவரை படித்தேன், அவர்களை உள்ளே விடுங்கள் என்றேன்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தது அன்றுதான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எனக்குப் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தா பாடம் மறந்துடும்மா. வேலைக்குச் சேந்த நாள்லேருந்து அப்படித்தான். போர்டைப் பாத்தா பயம் இருக்காது." என் பக்கம் ஓர் அடி வந்தார். "இனிமே உங்களைப் பாத்துச் சொல்றேன். உங்களை மட்டும் பாக்குறது கஷ்டமா இருக்காதுன்னு நினைக்கிறேன்."

நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை. உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

வகுப்பு முடிந்ததும் லீடர் என் முன்னால் வந்து நின்றாள். அழுதுகொண்டு பேசினால் உதடு கோணும், படிக்க முடியாது என்பதை அவள் எப்படியோ புரிந்துகொண்டாள். மூக்கை உறிஞ்சி, முகத்தைத் துடைத்து, தயாரான பிறகு பேசினாள்.

"மில்லுல நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. அது நீங்க சொல்ல வேண்டியது."

மறுநாள் நானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். மனுஷன் ஷெட்டிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர். தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டை அசைத்தார். "தெரியும்மா. எனக்கும் ஒரு காது போச்சு. லேப்புல கண்ணுதான் வேலை பாக்குது. நீ பாஸ் பண்ணு." இதற்காகவா நான் இத்தனை மாதம் தூக்கம் கெட்டேன் என்று ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டுத் தறிக்குப் போனேன்.

பையன்கள் மூவரும் வகுப்புக்குத் திரும்பினார்கள், இனி சத்தம் போடுவதில்லை என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு. எழுதிக் கொடுத்தபடியே நடந்துகொண்டார்கள். ஆனால் ரேடியோவால் பேசாமல் இருக்க முடியுமா? இடைவேளையில் என்னிடம் வந்து, ஷெட்டில் எப்படிப் பேசுவோம் என்று கேட்டான். விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் பின்பெஞ்சு முழுக்க உதட்டாலேயே அரட்டை அடிக்க ஆரம்பித்தது. சாருக்கு ஒன்றும் கேட்காது. வகுப்பு நூலகம் மாதிரி இருக்கும். அந்த அரட்டை முழுசும் புரிகிற ஒரே ஆள் நான்தான்.

அப்படி ஒருநாள். சார் என்னைப் பார்த்துத் திட்ட விலக்கம் என்ற கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டுச் சும்மா பின்னால் பார்த்தேன். கொட்டாவியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை தூங்கிவிட்டதாகவும், தாலி கட்ட அவனை எழுப்ப ரிங்டோனுக்குப் போன் போட்டதாகவும் ரேடியோ ஒரு கதை விட்டுக்கொண்டிருந்தான், சத்தமே இல்லாமல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் சிரிப்பின் அளவு எனக்குத் தெரியாது. சாரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வெளியே போங்க," என்றார் சார். அவருக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்டேன், இந்த வயசில், மற்ற பிள்ளைகளைப் போலவே. நோட்டும் கையுமாகத் தாழ்வாரத்தில் நின்றபோது வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. அப்புறம்தான் பகீரென்றது. விளக்கம் பாதியில் நிற்கிறது, பரீட்சைக்கு அதுதான் முக்கியம்.

ஜன்னல் பக்கம் நிழலாடியது. பார்த்தேன். ரேடியோ தன் இடத்தை விட்டு ஜன்னலோர பெஞ்சுக்கு நகர்ந்திருந்தான். முகத்தை என் பக்கம் திருப்பி, சார் சொல்லச் சொல்ல, ஒரு சொல் விடாமல் உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சார் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவன் பின்தங்கும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தி, அவன் முடித்த பிறகு அடுத்த வரிக்குப் போனார். நான் நோட்டைச் சுவரில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதிக்கொண்டே இருந்தேன்.