ஜெயபாரதியின் நம்பர்

“வலிக்குமா பாப்பா?”

“வலிக்காதுக்கா. செல்போன்ல வர்ற மாதிரி அலைதான். உள்ள போயிட்டுத் திரும்பி வரும். கட்டி இருந்தா அது திரும்புற விதமே வேற.”

“வயல்ல தண்ணி கட்டுனா மேடு பள்ளம் தெரிஞ்சுடுமே, அந்த மாதிரியா?”

ஷமீரா சிரித்துவிட்டாள். “அதேதான். யாரும் தொடக்கூட மாட்டாங்க. புது மெஷின், சோதனைக்குத்தான் கொண்டாந்திருக்கோம். சந்தேகம்னா தஞ்சாவூர்ல எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. போன் பண்ணுவோம்.”

ஆவணி மாத மார்பகப் பரிசோதனை முகாமில், மெஷினோடு வந்த ஷமீராவிடம் பேசிய இந்தப் பேச்சு, சேற்றில் நாற்று ஊன்றும்போதெல்லாம் சாவித்திரிக்கு நினைவுக்கு வரும். யாரும் தொட மாட்டார்கள் என்பதில்தான் அவள் மனசு இணங்கியது. இடது மார்பில் பொங்கலிலிருந்தே சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று உருண்டுகொண்டிருந்தது. வாய்க்காலில் குளிக்கும்போது, ‘தொட்டுப் பாருக்கா’ என்று ஜெயபாரதியிடம் கேட்கப் பலமுறை வாயெடுத்து, வெட்கத்தில் விழுங்கியிருக்கிறாள். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள் ஜெயபாரதிதான்.

நடவுக்கு ஆள் சேர்ப்பவளும் ஜெயபாரதிதான். வேலைக்கு அழைப்பு வருவது அவள் போனில் என்பதால், முகாமிலும் பெண்கள் எல்லோரும் அவள் நம்பரையே சொன்னார்கள். அதன்பின் சாவித்திரி கேட்டபோதெல்லாம், “ஒண்ணும் வரலடி. ஏதாச்சும் இருந்தா கூப்பிட மாட்டாங்களா?” என்றுதான் பதில் வந்தது. வாய்க்காலில் முழுகி எழும்போது, கட்டி பெருத்திருப்பது போலத் தோன்றும். மெஷினே ஒன்றும் சொல்லவில்லையே என்று சேலையை இழுத்துச் சுற்றிக்கொள்வாள்.

ஐப்பசியில், நிலக்காரர் துரைக்கண்ணுவின் கடைசி வயலில் நட்டுக்கொண்டிருந்தபோது வரப்போரம் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

“என்ன பாப்பா, நடவுக்கு வந்தியா? மருதாணி போயிடும்!” என்று யாரோ கத்த, வரிசையே சிரித்தது.

ஷமீரா சிரிக்கவில்லை. “சாவித்திரிக்கா, ஏன் தஞ்சாவூர் வரல? மூணு தடவ போன் பண்ணினோமே. வர்றேன்னுதான சொன்னீங்க?”

“நானா?”

“நீங்க குடுத்த நம்பர்லதான்க்கா பேசினேன். நடவு முடிஞ்சதும் வர்றேன்னு சொன்னீங்க.”

சாவித்திரி கையிலிருந்த நாற்று முடிச்சு தண்ணீரில் விழுந்தது. வரிசையில் ஒருத்தி மட்டும் நிமிராமல் நட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா?”

ஜெயபாரதி நிமிர்ந்தாள். “ஒன்ன மாதிரி வெரசா நட யாருடி இருக்கா? ஆளு கொறஞ்சா நடவு மெஷின எறக்கிடுவேன்னு துரைக்கண்ணு சொல்லிட்டாரு. ஒரு வருசம் மெஷின் எறங்குனா அப்புறம் நம்மள யாரு கூப்புடுவா? நடவு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போலாம்னு…”

“எம் பேருல நீ பேசினியா?”

“எல்லார் பொழப்புக்குந்தாண்டி.”

பக்கத்து வயலில் நடவு மெஷின் உறுமிக்கொண்டு திரும்பியது. குடைக்கடியில் நின்ற துரைக்கண்ணு குரல் கொடுத்தார். “என்ன பேச்சு அங்க? ஒரு வரிசை விட்டுப்போவுது பாருங்க.”

மற்றவர்கள் குனிந்தார்கள். நட்டபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார்கள். இருபுறமும் பச்சை நீள, நடுவே சாவித்திரியின் வரிசை மட்டும் வெறும் தண்ணீராகக் கிடந்தது.

அவள் ஜெயபாரதியின் கையைப் பிடித்தாள். சேறு வழிந்த அந்தக் கையை இழுத்துத் தன் இடது மார்பின் மேல் வைத்து அழுத்தினாள்.

“தொட்டுப் பாருக்கா.”