மெஷின் இருந்த இடம்

மனைவி ஹெலன் டெங்குவில் இறந்தபின் இரண்டு மாதம் அப்பா வீட்டில் இருந்தேன். கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டுக்குத் திரும்பியபோது அவளுடைய தையல் மெஷினில் தேனீக்கள் குடியிருந்தன. ஜன்னலைச் சாத்தாமல் போயிருந்தேன். மெஷினை மூடும் மர மூடிக்குள் அடை கட்டியிருந்தன.

விரட்டவில்லை. பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருந்தது.

டிசம்பரில் மாமியார் ரோசம்மாள் செவ்வாப்பேட்டையிலிருந்து போன் செய்தார். ஹெலனின் தங்கை கம்பெனி வேலையை விட்டுவிட்டாள், தைக்கப் போகிறாள், மெஷின் வேண்டும் என்றார்.

"அதுல தேனீ இருக்கு அத்தை. எடுக்க முடியாது."

"இன்னா மாப்ள, நான் மெஷின் கேட்டா நீ தேனீ கத சொல்ற?"

சொன்னது உண்மைதான். தேனீ இருக்கும்வரை மெஷின் வீட்டை விட்டுப் போகாது. அதுவும் உண்மை.

சனிக்கிழமை காலை அத்தை வந்து நின்றார். கையில் தேனீப் பெட்டி. திருவாலங்காட்டில் பூவராகவன் என்பவரிடம் வாங்கியதாம். வாசலில் மெஷினை ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி.

"ரயில்ல ஒருத்தன், ரேடியோவாம்மான்னான். ஆமாப்பா, பாட்டு வராது, கொட்டும்னேன். எழுந்து பூட்டான். காலை நீட்டிக்கினு வந்தேன்."

இருவருக்கும் தேனீயைப் பற்றி எதுவும் தெரியாது. பூவராகவனுக்குப் போன் செய்தேன். எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, சாயந்தரம் மாற்றுங்கள் என்றார்.

"வண்டிக்காரன் சாயந்தரம் வரிக்கும் நிப்பானா? இப்பவே பேஜாரு பண்றான்" என்றார் அத்தை.

நான் கொசுவலையைப் போர்த்திக்கொண்டேன். அத்தை பழைய டப்பாவில் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போட்டார். மூடியைத் தூக்கிக் கவிழ்த்தேன். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, பெட்டிச் சட்டங்களில் வைத்துக் கட்டினேன். மெஷின் டிராயரில் இருந்த வெள்ளை நூல்தான் கிடைத்தது. கையில் நிறையக் கொட்டின. வலித்தது. வலிப்பது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

நடு அடையில் ராணி இருந்தது. மற்றவற்றைவிட நீளம், கறுப்பு. அது பெட்டிக்குள் போனதும் மிச்சத் தேனீக்கள் தாமாகவே பின்னால் நடந்தன, ஷிப்ட் ஏறும் நேரத்துக் கம்பெனி வாசல்போல. போகாது என்று நினைத்திருந்தேன்.

பெட்டியைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்தோம். மெஷின் வண்டியேறியது. நாளைக்குக் கோயிலுக்குப் போய்விட்டுக் கிளம்புகிறேன் என்று அத்தை தங்கிவிட்டார். வண்டி போனதுமே மழை கறுத்து வந்தது. ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். சத்தமில்லாத அறையில் படுத்தேன். இரவு முழுக்க மழை.

காலையில் ஜன்னலைத் திறந்தது அத்தைதான்.

"மாப்ள, இங்க வா."

கம்பிகளிலும் கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் தேனீக்கள் நனைந்து ஒட்டியிருந்தன. பெரும்பாலானவை செத்திருந்தன. சிலவற்றுக்குக் கால் மட்டும் அசைந்தது.

பூவராகவனுக்கு மறுபடி போன் செய்தேன்.

"காலையில மேயப் போனதுங்க சார் அதெல்லாம். பழைய எடத்துக்குத்தான் வரும். பெட்டிய அங்கயே வச்சிருக்கணும். அதுக்குத்தான சாயந்தரம்னேன்."

அத்தை ஆஸ்பத்திரியில் அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை. அன்று வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லையிலதான மாப்ள இருந்திச்சி ஊடு. தோ, எட்டுற தூரம். தெரில பாரு அதுங்களுக்கு. ராவெல்லாம் இங்கியே நின்னுக்கினு இருந்திருக்குதுங்க. நான்தான் அவசரப்படுத்திட்டேன்."

கொல்லைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தேன். உள்ளே சத்தம் இருந்தது. தரையில் மெஷின் கால்களின் தடம் தெரிந்தது. அந்த இடத்தில் ஸ்டூலைப் போட்டு, பெட்டியின் வாசல் ஜன்னலைப் பார்க்கும்படி வைத்தேன்.

அசைகிறவற்றைக் காகிதத்தில் எடுத்து வாசலருகே பிடித்தேன். சில உள்ளே நடந்தன. சில பாதியில் நின்றுவிட்டன.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்.

"மெஷின திருப்பி அனுப்பச் சொல்லட்டா?"

"வேணாம் அத்தை. இனிமே எடமில்ல."

தலையாட்டினார். கோயில் மணி அடித்தது. அவர் கிளம்பவில்லை. ஜன்னல் கட்டையில் விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் ஒன்றை ஏந்தி வந்தார்.

"இது அசையிது மாப்ள, பாரேன்."

அது அசையவில்லை. வாங்கிப் பெட்டியின் வாசலில் வைத்தேன்.