ஏழெழுத்து வார்த்தை

பழவேற்காட்டில் தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். சாவைத் தவிர வேறெதற்கு எவன் தந்தி அடிப்பான்?

கருவாட்டு வியாபாரி ஜலாலுதீனுக்கு ஒரு பைத்தியம். பத்திரிகையில் கொடுக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்கும் போட்டி. “ஜெயிச்சா தந்தி வரும், ஒருத்தரும் அழுவக் கூடாது” என்று தெருவுக்கே சொல்லிவைத்திருந்தார். இந்த வாரம் யாரும் தொடப் பயப்படும் எக்ஸை வைத்தே ஏழெழுத்தில் ‘எக்ஸ்பயர்ட்’ என்று பிடித்தார். அகராதியைப் புரட்டினார், காலமானார் என்று அர்த்தம். மார்தட்டிக்கொண்டு அனுப்பினார்.

தந்திக்காரன் வந்ததும் தெருவே கூடிவிட்டது. அவர் மனைவி கமர் நிஷா சர்க்கரைத் தட்டோடு வந்து எல்லார் கையிலும் போட்டாள்.

“அழுவாம தந்தி வாங்கற மொத ஊடு நம்ம ஊடுதான்” என்றாள்.

ஜலாலுதீன் பிரித்தார். முதலில், கொழும்பில் கடை பார்க்கும் மகன் ஹனீபின் பெயர். அதை அடுத்து அவர் கண்டுபிடித்த அதே வார்த்தை.

அங்கே வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

“இன்னாங்க, நீங்க எழுதுன வார்த்தைதான் வந்துகீதா?” என்று கேட்டாள் கமர் நிஷா.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் சர்க்கரையைப் போட்டுவிட்டாள்.