மாரீஸ்வரி, கைமுறுக்கு, தாராவி

எங்கள் கம்பெனியின் முதல் வீடியோ என் அக்காவைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று சொன்னது நான் இல்லை, வந்தனா. எனக்கும் ஆசை இருந்தது. சொந்த அக்காவையே தூக்கி நிறுத்துகிறான் என்று நாலு பேர் பேசுவார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வந்தனா மாட்டுங்காக்காரி. ஒரு செய்தி இணையதளத்தில் வேலை பார்த்தவள். காசு கொடுத்தவனை 'இளம் சாதனையாளர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அடுத்து அவனுடைய போட்டியாளனையும் அதே வார்த்தைகளில் எழுதச் சொன்னார்கள். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டாள். நான் செம்பூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து 'ஷட்டர்' என்று ஒரு இணைய ஊடகம் ஆரம்பித்தோம். சின்ன வயதில் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களின் கதைகள், இந்தியிலும் தமிழிலும். முதலீட்டாளர் கிடையாது, விளம்பரக் கட்டுரை கிடையாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், முன்பு டியூஷன் நடந்த ஒரு அறைதான் ஆபீஸ். சுவரில் இருந்த கரும்பலகையில் வந்தனா எங்கள் சட்டத்தைச் சாக்பீஸால் எழுதினாள்: யார் சொன்னாலும் போட்டதை எடுக்க மாட்டோம்.

அக்கா மாரீஸ்வரிக்கு முப்பது ஆகவில்லை. தாராவியில் எங்கள் வீட்டு மாடியில் கைமுறுக்கு சுற்றுகிறாள். கைமுறுக்கு அச்சில் பிழிவது இல்லை. மாவை விரல்களாலேயே முறுக்கி முறுக்கி வட்டமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாலக்காட்டுக் குடும்பத்துக் கல்யாணம் என்றால் பெண் வீட்டார் இதைச் சீர் பட்சணமாக அடுக்கி வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தி முகம் தொங்கிப்போகும். ஆனால் உட்கார்ந்து சுற்றத் தெரிந்த மாமிகளுக்கு இப்போது முழங்கால் வலி. அவர்கள் பெண்களோ காலையில் லோக்கல் ரயில் பிடித்து ஆபீஸுக்கு ஓடுகிறார்கள்.

வந்தனாவின் அம்மா ஷ்யாமளா மாமி வீட்டில் அக்கா ஒரு காலத்தில் பாத்திரம் தேய்த்தாள். அப்போது பார்த்துப் பழகியது இந்த வேலை. மாமி ஆர்டர் வாங்குவார், அக்கா சுற்றுவாள், மாமி வீட்டிலிருந்து டப்பாக்கள் போகும். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று கல்யாண சீசன் முழுக்க ஓடியது. எங்கள் மாடியில் ஒரு அடுப்பு இரண்டானது, உதவிக்குப் பெண்கள் வந்தார்கள். அக்கா இதைத் தொழில் என்று சொல்லவே மாட்டாள், 'நம்ம சோலி' என்பாள்.

கேமராவோடு போய் நின்றதும் முதலில் விரட்டினாள்.

"என்னைய எதுக்குல எடுக்குதிய? அடுப்புப் புகையில கரிஞ்சு போயிக் கெடக்கேன்."

"அக்கா, நீங்க ஒரு ஃபவுண்டர்," என்றாள் வந்தனா.

"அப்படின்னா?"

"முதலாளி."

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாவு துணியில் விழுந்து, பாதி சுற்றிய முறுக்கு கெட்டுப்போனது. அந்தச் சிரிப்பை நான் கேமராவில் பிடித்துவிட்டேன். அப்புறம் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள்.

"என் பேரு மாரீஸ்வரி. தாராவியில இருக்கேன். உங்க வீட்டுக் கல்யாணத்துல நீங்க சாப்பிட்ட கைமுறுக்கு, நான் சுத்துனது."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகச் சொன்னதுதான். வந்தனா அதையே தொடக்கமாக வைத்தாள். அடியில் பெயரும் தொழிலும் ஊரும் பெரிய எழுத்தில் வந்தன. எடிட் செய்யும்போது அந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. என் அக்காவின் பெயரை ஒரு திரையில் அப்படி எழுதிப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

காலையில் வெளியிட்டோம், மதியத்துக்குள் பிய்த்துக்கொண்டு போனது. டோம்பிவிலி ரயிலில் பக்கத்து சீட்டுக்காரன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நண்பன் ஒருவன் படம் அனுப்பினான். எங்கள் சந்தில் அக்காவை "சேட்டாணி, சேட்டாணி" என்று, முதலாளியம்மா என்று, இந்தியில் கேலி செய்தார்கள். அவளும் விடாமல், "சேட்டாணி வாரேன், வழி விடுங்க" என்று எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். வந்தனாவும் நானும் கடையில் ஜிலேபி வாங்கித் தின்றோம். கம்பெனி காலூன்றிவிட்டது என்றே நினைத்தோம்.

அதற்கு அடுத்த நாள் ஷ்யாமளா மாமி எனக்குப் போன் செய்தார்.

"நாயகம், நீயும் வந்தனாவும் கொஞ்சம் ஆத்துக்கு வாங்கோ. ஆர்டர் எல்லாம் கையை விட்டுப் போயிண்டிருக்கு."

போனோம். மாமி சோபாவில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டுங்காவில் ஆர்டர் கொடுத்த வீட்டில், மண்டபத்து சமையல்காரரே பட்சணமும் பண்ணிவிடுகிறாராம். செம்பூர் வீட்டில், பிள்ளை வீட்டார் சீரே வேண்டாம் என்றுவிட்டார்களாம். முலுண்ட்காரர்கள் போனையே எடுக்கவில்லை. அந்த முலுண்ட் அம்மாள்தான் வீடியோவுக்குக் கீழே சிவப்பு இதயம் போட்டு, 'பெண் சக்தி, பெருமையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். பெருமை எல்லாம் போனுக்குள்தான் போலிருக்கிறது.

வந்தனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, யார் பண்றான்னு இவாளுக்கெல்லாம் தெரியாதா?"

"யாரும் கேக்கல, நானும் சொல்லல," என்றார் மாமி. "எங்காத்துல பண்றதுன்னு நினைச்சுண்டா. நான் ஆமான்னும் சொன்னதில்ல, இல்லைன்னும் சொன்னதில்ல."

எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் வாங்குகிறார்கள் என்று வந்தனா நம்பியிருந்தாள். படித்த ஜனங்கள், ருசி பார்த்து வாங்குவார்கள், அடுப்பு யார் வீட்டில் எரிகிறது என்றா பார்ப்பார்கள் என்பது அவள் எண்ணம். அத்தனை வருஷமும் ஒருவர் கேட்காமலும் ஒருவர் சொல்லாமலும் ஓடிய வியாபாரம் அது. அக்கா கேமராவுக்கு முன்னால் பெயரைச் சொன்னதும் நின்றுவிட்டது.

"நான் அவ கையால தினம் சாப்பிட்டவதான்டா," என்றார் மாமி. கண் கலங்கியிருந்தது. "ஆனா கல்யாணம்னா மடி, ஆசாரம்னு நாலு பேர் பேசுவா. அந்த வீடியோவை எடுத்துடுங்கோ. கொஞ்ச நாள்ல மறந்துடுவா. பழையபடி பேர் கீர் இல்லாம நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறப்பதற்கு, அவர்கள் எங்களை என்றைக்கு நினைத்தார்கள்? கேட்டிருப்பேன். மாமி தலைப்பால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து விட்டுவிட்டேன்.

தாராவிக்கு வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. உதவிக்கு வரும் பெண்களை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். சுற்றி முடித்த முறுக்குகள் டப்பாக்களில் சுவரோரம் அடுக்கியிருந்தன. விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. மாமி அவளிடமும் பேசியிருக்கிறார்.

"அக்கா, இதை விடக்கூடாது," என்றாள் வந்தனா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "இன்னொரு வீடியோ போடலாம். கேன்சல் பண்ணவா எல்லார் பேரையும் சொல்லலாம். நீங்க பேசுங்கோ. நாடே பாக்கும்."

"பாக்கட்டும். பாத்துட்டு முறுக்கு வாங்குவாவளா?"

வந்தனா கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தாள்.

"எடுத்துரும்மா அத," என்றாள் அக்கா.

"எடுக்க மாட்டோம்னு சொல்லித்தானே ஆரம்பிச்சோம். முதல் வீடியோவையே எடுத்தா அப்புறம் இந்தக் கம்பெனி எதுக்குக்கா?"

"என் சோலி போன பெறவு ஒங் கம்பெனி எனக்கு எதுக்கும்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். வந்தனா அங்கேயே மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். அக்கா எழுந்து போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "நீ நல்லதுதான நெனச்ச. போ, போயி மொகத்தக் கழுவு." தொழில் போனவள் தேற்றுகிறாள், நாங்கள் இரண்டு பேரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"நீயே எடுத்துடு நாயகம். என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு வந்தனா குழாயடிக்குப் போனாள்.

போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இருல. நான் இன்னும் முழுசாப் பாக்கல்ல."

வெளியிட்ட அன்றைக்கு அவளுக்கு எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர நேரம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். முதலாளி என்றதும் திரையில் சிரித்தவளோடு சேர்ந்து இவளும் சிரித்தாள். "மூக்குத்தி நல்லாத் தெரியுது, என்ன?" என்றாள். "ஆமாக்கா" என்றேன்.

முடிந்ததும், கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். மேலே இருந்ததைப் படித்துக் காட்டினேன். விக்ரோலியிலிருந்து சுஷ்மா என்று ஒரு பெண் அப்போதுதான் இந்தியில் எழுதியிருந்தாள். வீட்டில் மசாலாப் பொடி அரைக்கிறாளாம். வெளியே சொல்லி விற்க வெட்கமாக இருந்ததாம். உங்களைப் பார்த்ததும் தைரியம் வந்தது அக்கா, நானும் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டிருந்தாள்.

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பாவம், கேட்டிருக்கு. பதில் போடு."

"என்ன போட?"

"ஆரம்பிக்கச் சொல்லு," என்றாள். பிறகு டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு, "மொகத்த மட்டும் காட்ட வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

முதலில் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பினேன். மற்றதை எழுத எனக்கு மனசு வரவில்லை. பிறகு வீடியோவை அழித்தேன். அதோடு அந்தப் பெண்ணின் கேள்வியும் என் பதிலும் சேர்ந்து போய்விட்டன. அவள் அதைப் படித்திருக்க மாட்டாள்.