கத்துறா என்பதற்கு இங்கிலீஷ்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டித் தங்கசாமிக்கு மோட்டார், பைப் கடை. மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஆள் வரத்து குறைவு. அந்த நேரத்தில் அவர் மனைவி முத்துலட்சுமி கடைக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இங்கிலாந்தில் இருக்கும் மகள் பிரவீணாவோடு வீடியோவில் பேசுவாள். அங்கே அப்போதுதான் காலை. பிரவீணாவுக்கு ஏழாவது மாதம். மாப்பிள்ளை கோகுல் ஒரு சரக்குக் குடோனில் வேலை பார்த்தான். உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பிரவீணா போனைப் பிடித்தபடியே மாடிப்படி இறங்கினாள்.

"அம்மா, அந்தப் பச்சைச் சேலைய இன்னொருக்கக் காட்டும்மா" என்றாள்.

முத்துலட்சுமி பையிலிருந்து சேலையை எடுத்து நிமிர்வதற்குள் படம் சுழன்றது. மரப்படியில் எதுவோ உருண்டு விழும் சத்தம். பிறகு திரையில் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அதன்பின் பிரவீணாவின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவளைப் பெற்றவர்கள் இருவரும் அதுவரை கேட்டதில்லை.

தங்கசாமி கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார்.

"விழுந்துட்டா. போனு அவ கைக்கு எட்டலங்க" என்றாள் முத்துலட்சுமி. ஸ்பீக்கரைப் போட்டாள். கடை முழுக்க அந்தச் சத்தம்.

அங்கத்து ஆம்புலன்ஸ் நம்பரை இங்கிருந்து எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கோகுலுக்கு அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது. அதே தெருவில் நாலு வீடு தள்ளி டோரீன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். மாற்றுச் சாவியை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். கோகுல் தந்திருந்த அவள் நம்பரைத் தன் போனில் தேடி எடுத்து, ஸ்பீக்கர் சத்தத்துக்கு விலகிக் கடைவாசலில் நின்று அடித்தார். டோரீன் உடனே எடுத்துப் பேசினாள்.

"ஐ பிரவீணா ஃபாதர். இந்தியா" என்றார். "பிரவீணா ஷவுட்டிங். வெரி ஷவுட்டிங்."

"யாரிடம் சத்தம் போடுகிறாள்?" என்று டோரீன் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டாள். "கணவனிடமா?"

"நோ, நோ. ஷவுட்டிங்."

"புருஷன் பெண்டாட்டி சண்டையில் நான் தலையிடுவதில்லை, மன்னிக்கணும்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஸ்பீக்கரில் பிரவீணா "அப்பா, அப்பா" என்று இழுத்தாள். வாரண்டி, டெலிவரி, ஹார்ஸ்பவர் என்று கம்பெனிக்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ் தங்கசாமியுடையது. வலியில் ஒருத்தி போடும் சத்தத்துக்கு அதில் வார்த்தை இல்லை.

"க்ரையிங்" என்றார். "பிரவீணா க்ரையிங்."

"பாவம். பிள்ளைத்தாய்ச்சிகள் அப்படித்தான். கொஞ்சம் அழுதால் சரியாகிவிடும்."

"காலிங்" என்றார். கூப்பிடுறா என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

"கூப்பிடட்டும். பேசுகிறேன். நான் வீட்டில்தான் இருக்கிறேன்."

பைப் வாங்க வந்திருந்த சின்னத்துரை தன் போனில் இங்கிலீஷ் வார்த்தை தேடி வேகமாகத் தட்டினார். "அண்ணாச்சி, கத்துறதுக்கு ஒரு வரிசையே போட்டிருக்கான். யெல்லுங்கான், ஹவுலுங்கான். எதைச் சொல்றது?"

"யெல்லிங்" என்றார் தங்கசாமி போனுக்குள். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கியது. "மேடம், யெல்லிங்."

"அதைத்தான் சொன்னீர்களே" என்றாள் டோரீன். அவள் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிட்டது. முனகல்கூட இல்லை.

மகளின் குரலையே டோரீனுக்குக் கேட்கவைக்கலாம் என்று அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தோன்றியது. உள்ளே ஓடி இரண்டு போன்களையும் சேர்த்துப் பிடித்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. "பிரவீணா" என்று கூப்பிட்டார். கூரை மட்டும் வெள்ளையாக அப்படியே நின்றது.

முத்துலட்சுமி அவர் கையிலிருந்து டோரீன் பேசிய போனைப் பிடுங்கினாள். வாடிக்கையாளர் முன்னால் புருஷனைக்கூட உரக்கக் கூப்பிடாதவள் அவள். போனை வாயருகே வைத்து அலறினாள். மகளைப் போல அலற நினைத்தாளோ, அவளுக்கே வந்ததோ, தெரியாது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். சின்னத்துரை இரண்டடி பின்னால் போனார். மூச்சு தீர்ந்ததும் இழுத்து மறுபடியும் அலறினாள். தங்கசாமி போனைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தார்.

"கடவுளே" என்றாள் டோரீன். "ஸ்க்ரீமிங். அந்தப் பெண் இப்படி ஸ்க்ரீமிங்கா?"

"யெஸ்" என்றார் தங்கசாமி. "யெஸ், யெஸ்."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் கிளம்பினாளா என்று தெரியாமல் இருவரும் மற்றப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில நிமிஷம் கழித்துச் சாவி திரும்பும் சத்தமும், டோரீன் பதறிக்கொண்டு யாரிடமோ விலாசம் சொல்வதும் கேட்டன. முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரவீணா பிழைத்தாள். ஆண் குழந்தை. அன்றே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். மறுநாள் விடியும்வரைகூட அது தங்கவில்லை.

அதைச் சொல்லக் கோகுல் கூப்பிட்டான். அழுது முடித்தபின் மெதுவாகக் கேட்டான். "மாமா, ஆக்சிடெண்ட்டுன்னு சொல்லிருந்தாக்கூட அவுக ஓடியிருப்பாகளே. ஹெல்ப்புன்னு ஒரு வார்த்த..."

அந்த வார்த்தைகள் தங்கசாமிக்குத் தெரியும். ஹாஸ்பிட்டல் என்பதும் தெரியும். மகள் கத்தக் கத்த, அந்தக் கத்தலைச் சொன்னால்தான் புரியும் என்று அதற்கான வார்த்தையையே தேடிக்கொண்டிருந்தார். இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "வெரசாப் போயிருந்தா பிள்ள பொழச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"டாக்டர் ஒண்ணும் சொல்லல மாமா."

அதற்குப் பிறகு அவர் கடையைத் திறக்கவில்லை. பிரவீணா வீடு திரும்பியதும் அவளே கூப்பிட்டாள். முத்துலட்சுமி பேசிவிட்டு அவரிடம் போனை நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"நீங்க பேசுனது எல்லாம் கேட்டுச்சுப்பா" என்றாள் பிரவீணா. "வீடியோ ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு."

"எனக்கு அந்த வார்த்த..." என்று தொடங்கினார் தங்கசாமி.

"என் சத்தத்துல உங்களுக்கு ஒண்ணுமே ஓடலைன்னு தெரிஞ்சுச்சு. அதான் நான் கட்டியிருந்த சேலத் தலைப்ப வாய்க்குள்ள வச்சுக் கடிச்சுக்கிட்டேன். நீங்க பேசட்டும்னுட்டு."